முழங்கால் லிகமெண்டும் ‘பெண்’ என்ற கட்டமும்

2023 மகளிர் உலகக் கோப்பை கால்பந்தில் இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடெமா மூவரும் ஆடவில்லை. மூவருக்கும் ஏசிஎல் எனப்படும் முழங்கால் லிகமெண்ட் கிழிந்திருந்தது. மூவரும் ஆர்சனல் கிளப். அதே சீசனில் அந்தக் கிளப்பின் லாரா வீன்ராய்தருக்கும் அதே காயம். உடனே எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: பெண் உடம்புல என்ன கோளாறு? இடுப்பு அகலமா, ஹார்மோனா, மாதவிடாயா?

கேள்வியே தப்புன்னு சொல்லல. ஒரே விளையாட்டை ஆடும்போது பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் வருகிறது என்பது பல வருஷமாத் தெரிந்த விஷயம். ஆபரேஷனுக்குப் பிறகு மீண்டு வருவதையும் இதே கேள்வியோடு அணுகுவதில்தான் எனக்குச் சிக்கல்.

இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது, கிளேர் ஆர்டர்ன் குழு 2014ல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு. 69 கட்டுரைகள், 7,556 பேர். ஆபரேஷன் ஆனவர்களில் 81% பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். காயத்துக்கு முந்தைய நிலையை எட்டியவர்கள் 65%. போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55% மட்டுமே.

பழைய நிலைக்குத் திரும்ப உதவும் அம்சங்களையும் பட்டியலிடுகிறார்கள்: இளம் வயது, ஒற்றைக்காலில் தாவும்போது இரண்டு காலும் சமமாக இருப்பது, மனத்தயார்நிலை, உயர்மட்ட ஆட்டக்காரராக இருப்பது, ஆணாக இருப்பது. இந்தக் கடைசி அம்சம்தான் செய்திகளில் ‘பெண்கள் மீள்வது கம்மி’ என்று வருகிறது. ஆனால் வாய்ப்பு விகிதத்தைப் பாருங்க. ஆணாக இருப்பதற்கு 1.4. உயர்மட்ட ஆட்டக்காரராக இருப்பதற்கு 2.5. உயர்மட்டம் என்றால் என்ன? சம்பளம், முழுநேர பிசியோ, ஜிம், காத்திருக்கும் ஒரு டீம். உடம்பை விட வசதி பெரிசாப் பேசுது.

எங்க வேலையில, ஒரு ஊரிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் ஆப் அடிக்கடி தொங்குதுன்னு லாக் காட்டினா, ‘அந்த ஊர்தான் காரணம்’னு எழுதி டிக்கெட்டை மூட முடியாது. நெட் மெதுவா, போன் பழசா, சர்வர் தூரமான்னு தோண்டணும். படிவத்தில் டிக் அடிக்கும் ‘பெண்’ என்ற கட்டமும் அந்த ஊர்ப்பெயர் மாதிரிதான்.

ஒரு உதாரணம். தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்துப் புது லிகமெண்டாக வைப்பார்கள். அந்த ஒட்டு 8 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், முக்கியமாகச் சின்ன வயசில், மறுபடி அறுந்துபோகும் ஆபத்து கூடுகிறது. ஒட்டின் தடிமன் பெரும்பாலும் உயரத்தைப் பொறுத்தது. குள்ளமான பையனுக்கும் இதே பிரச்சினை வரும். ‘பெண்’ என்று எழுதினால் டாக்டர் செய்ய ஒன்றுமில்லை. ‘7 மி.மீ.’ என்று எழுதினால் வேறு இடத்திலிருந்து ஒட்டு எடுக்கலாமா என்று யோசிப்பார்.

அடுத்தது பயம். திரும்பி ஆட மனசு தயாரான்னு பார்க்க 12 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உண்டு. பெண்கள் அதில் சராசரியாகக் குறைவாக மதிப்பெண் எடுத்தால் ‘தன்னம்பிக்கை குறைவு’ என்று முடித்துவிடுகிறார்கள். ஒப்பந்தம் சின்னது, பிசியோவுக்குச் சொந்தக் காசு, மறுபடி கிழிந்தால் எல்லாம் போச்சு என்ற நிலையில் இருப்பவள் பயப்படுவது மனக்கோளாறா? கணக்கு சரியாத்தானே போட்டிருக்கா!

பார்சன்ஸ், கோயன், பெக்கர் மூவரும் 2021ல் அதே இதழில் இதைத்தான் வாதிட்டார்கள்: சின்ன வயசுப் பயிற்சியிலிருந்து ஜிம், மறுவாழ்வு சிகிச்சை வரை பெண்களுக்குக் கிடைக்கும் சூழலே வேறு. எனக்குப் பிடித்த கட்டுரை. ஆனா ஒரு குறையும் உண்டு. அது வாதம், அளவீடு இல்லை. அப்படியே நம்பினால் ‘ஹார்மோன்’ இருந்த இடத்தில் ‘சூழல்’ என்று இன்னொரு லேபிள் ஒட்டியதாகத்தான் ஆகும்.

அதனால் என் கோரிக்கை எளிமையானது. அடுத்த ஆய்வு அட்டவணையில் இன்னும் சில கட்டங்கள் போடுங்க. உயரம், ஒட்டின் தடிமன், எத்தனை பிசியோ அமர்வு, யார் காசு கொடுத்தது, முன்பு எடை தூக்கிப் பழக்கம் உண்டா, திரும்பிப்போக டீம் இருக்கா. இதெல்லாம் கழித்த பிறகும் ‘பெண்’ என்ற கட்டத்தில் மிச்சம் நிற்பதுதான் உடம்பின் பங்கு. அது பெரிசாகவே இருக்கலாம். இருந்தா ஒத்துக்கலாம்.

அதுவரைக்கும், ஆபரேஷன் முடிந்து அஞ்சாவது மாசத்தில் ‘ஏன் இன்னும் சரியாகல?’ன்னு கேக்குற பதினேழு வயசுப் பொண்ணுகிட்ட ‘பொண்ணுங்களுக்கு அப்படித்தாம்மா’ன்னு மட்டும் சொல்லாதீங்க. அதைக் கேட்டு அவ பயிற்சியை விட்டா, அடுத்த ஆய்வில் ‘திரும்பாதவர்’ கணக்கில் அவளும் ஒருத்தி.