திரையில் ஏறாத சைக்கிள்

சில மாதங்களுக்கு முன் ஒரு ருமேனியப் படம் பார்த்தேன். ராடு ஜூடே இயக்கி 2015இல் வந்த 'அஃபெரிம்!'. கறுப்பு வெள்ளைப் படம், கதை நடக்கும் ஆண்டு 1835. ஒரு பிரபுவின் பண்ணையிலிருந்து ஓடிப்போன அடிமையைப் பிடித்து வர ஒரு காவலரும் அவர் மகனும் குதிரையில் போகிறார்கள். அந்த அடிமை ரோமா இனத்தவன். நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து புறப்பட்டுப்போன கூட்டத்தின் வழிவந்தவன். பண்ணையாருக்குச் சொந்தமான ஆள், ஓடினால் பிடித்துவரும் ஆள்காரர், தப்பித்தவனுக்கு எல்லார் முன்னிலையிலும் தண்டனை. பார்க்கப் பார்க்க இந்த முகங்களை எங்கோ பார்த்திருக்கிறேன் என்ற உணர்வு விடவில்லை. படம் முடிந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது ருமேனியாவை அல்ல, மலேசியாவின் கிள்ளான் ரப்பர் தோட்டங்களை.

ருமேனியர்கள் சரித்திரப் படத்துக்குப் புதியவர்கள் அல்ல. செர்ஜியு நிக்கொலயெஸ்கு 1967இல் 'டாச்சி', 1971இல் 'மிஹாய் விடியாசுல்' எடுத்தார். இரண்டாவது படத்துக்கு அரசாங்கம் ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்களைத் துணை நடிகர்களாக அனுப்பிக்கொடுத்தது. சௌஷெஸ்குவின் காலம் அது. அந்த ஆட்சிக்கு வீரன் வேண்டியிருந்தது, சினிமா கொடுத்தது. ஒரு தலைமுறை கழிந்து வந்த ஜூடே, அதே நாட்டின் மறைத்த பக்கத்தைக் குறைந்த செலவில் எடுத்தார். பெர்லினில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக்கரடி அவருக்குக் கிடைத்தது. அரசு விரும்பும் வரலாறு, வீட்டார் பேச விரும்பாத வரலாறு என்ற இரண்டு சாலைகள் மலேசியாவிலும் உண்டு. இங்குள்ள தமிழர்களான நாம் இரண்டிலும் ஓரமாக நடக்கிறோம்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். மலாய் சினிமாவை நிற்க வைத்த இயக்குநர்களில் பெரும்பகுதி இந்தியர்கள். முதல் மலாய்ப் படம் என்று சொல்லப்படும் 1933இன் 'லைலா மஜ்னூன்' பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கியது. பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) எல். கிருஷ்ணன் எடுத்தது. அவர் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். மலாய் வீரத்தின் அடையாளமான 'ஹங் துவா' (1956) படத்தை வண்ணத்தில் இயக்கியவர் வங்காளத்தின் பணி மஜும்தார். இன்னொருவர் வீட்டு முன்னோருக்குச் சிலை வடித்துக் கொடுத்தவர்களின் சொந்த ஜனம் திரையில் எங்கே இருந்தது என்று தேடினால் கிடைப்பது சொற்பம்.

அதற்குப் பின் வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1950இல் காவல் நிலையம் ஒன்றைக் கம்யூனிஸ்டுகள் தாக்கியதைச் சொல்லும் 'புக்கிட் கெப்போங்' (1981), ஜப்பானியரை எதிர்த்த மலாய் அதிகாரியின் கதையான 'லெப்டினன் அட்னான்' (2000), விடுதலைக் கதையான '1957: ஹாத்தி மலாயா' (2007). எல்லாம் நாட்டுப்பற்றுப் பாடத்தின் பக்கங்கள். 2022இல் வந்த 'மாட் கிலாவ்' ஏறத்தாழ 9 கோடியே 70 லட்சம் ரிங்கிட் வசூலித்தது. பகாங்கில் பிரிட்டிஷாரை எதிர்த்த வீரனின் கதை. அதில் நம் பக்கத்து முகம் தெரிந்தது வெள்ளைக்காரன் படையின் சீக்கியச் சிப்பாயாக. சீக்கிய அமைப்புகள் வருந்தியதில் நியாயம் இருந்தது. கூலிக்கு வந்தவனுக்கு நாயகன் வேடம் கிடைக்கவில்லை, கூலிப்படை வேடம் கிடைத்தது.

அரசு விரும்பாத சாலையில் போனவர்கள் பட்ட பாடு வேறு. அமிர் முகம்மது 2006இல் 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' எடுத்தார். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைப் பற்றிய படத்தில் சின் பெங் ஒரு காட்சியில்கூட இல்லை. அவர் வாழ்ந்த ஊர்களும் அங்கே இப்போது இருப்பவர்களும் நடுநடுவே பாட்டும்தான் படம். தணிக்கையில் தேறியும் உள்துறை அமைச்சு தடை செய்தது. பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கக்கூடிய படம் அது, தடை அதை ஆவணமாக்கிவிட்டது. அந்தத் தடையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எஸ்.ஏ. கணபதியின் ஞாபகம் வரும். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், 1949 மே 4 அன்று பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டவர். அவரைப் பற்றிக் கதைப்படம் எடுக்க யார் முன்வருவார்?

நான் குடியிருக்கும் சுங்கை பூலோவுக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. மருத்துவமனைக்கு அருகே, 1969 மே 13 இனக்கலவரத்தில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட சமாதிகள், பெரும்பாலும் சீனர்களுடையவை. அரசுக் கணக்குப்படி அந்தக் கலவரத்தில் இறந்தவர்கள் 196 பேர். சோங் கீட் அவுன் 2023இல் எடுத்த 'ஸ்னோ இன் மிட்சம்மர்' படத்தில், கலவர இரவில் தந்தையையும் அண்ணனையும் இழந்த பெண், 49 ஆண்டு கழித்து அவர்கள் புதைந்த இடத்தைத் தேடி வருகிறாள். முதல் பாதியில் சீனக் கூத்து மேடை, இரண்டாம் பாதியில் புல் மண்டிய கல்லறை. கலவரத்தின் வெறியைக் காட்டவே இல்லை. அதற்குப் பத்து ஆண்டு முன் வந்த 'தண்டா புத்தெரா' இதே மே 13ஐ அமைச்சர்களின் கண்வழியாகச் சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்றில் யார் குற்றவாளி என்ற பேச்சு, மற்றதில் யார் பிணம் கிடைக்காதவர் என்ற தேடல். எனக்கு இரண்டாவதுதான் வரலாறு.

அந்தக் கல்லறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் 1930இல் திறந்த தொழுநோய்க் குடியிருப்பு. 2007இல் அதன் ஒரு பகுதியை யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்துக்காக இடித்தார்கள். இந்தப் பக்கம் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் பெருந்தோட்டம் இருந்தது. ஊர்க்காரர்கள் இன்னமும் ஆர்.ஆர்.ஐ. என்றுதான் சொல்கிறார்கள், நிலத்தின் பெயர் குவாசா டமன்சாரா ஆகிவிட்டாலும். ரயில் நிலையமும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. பால்மரம் ஒரு நிரை வேண்டும், லயத்து வாசல் ஒன்று வேண்டும் என்று கேட்கும் இயக்குநரிடம் இந்தப் பக்கத்தில் காட்ட எனக்கு இடம் இல்லை. ஹங் துவாவுக்கு அரண்மனையை அட்டையில் கட்டலாம், யாருக்கும் உறுத்தாது. லயத்தை அட்டையில் கட்டினால் அங்கே பிறந்தவர் முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இதனால்தானோ என்னவோ, நம்முடைய நல்ல சரித்திரப் படங்கள் தங்களைச் சரித்திரப் படம் என்று சொல்லிக்கொள்வதில்லை. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) அறுபதுகளின் ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. சாந்தா என்ற பெண் மேற்படிப்புப் படிக்க ஆசைப்படுகிறாள். அவ்வளவுதான் கதை. வீரன் இல்லை, வில்லன் இல்லை. வெளிநாட்டு விழாக்களுக்குப் போய்வந்தது. ஆனால் நம் ஆட்களிடம் கேட்டால் பத்தில் ஒருவர் பார்த்திருந்தால் அதிசயம்.

அதைவிடக் கூர்மையானது சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015). தலைப்பே ஒரு வரலாறு. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் தமிழ் வாயில் 'ஜகாட்' ஆகி, சேட்டைக்காரப் பையனுக்குப் பட்டப்பெயரானது. தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் புறம்போக்குக் குடியிருப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம். பள்ளிக்கூடத்தில் ஒத்துவராத, கற்பனை மிகுந்த அப்போய். அவன் அப்பா, குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா, போதையிலிருந்து மீண்டு தடுமாறும் இன்னொருவர். கிள்ளானில் நான் படம் பார்த்தபோது முன்வரிசையில் குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், அப்பா பையனை அடிக்கும் காட்சியில் சத்தமாக, "எங்க அப்பனும் இப்படித்தான்" என்றார். அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. இதே படத்தை மலேசியத் திரைப்பட விழாவில் 'மலாய் அல்லாத படம்' என்று தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்தார்கள். திரைத்துறையினரே எதிர்த்தார்கள், ஏற்பாடு மாறியது, 2016இல் சிறந்த மலேசியப் படமானது. அந்த ஆண்டே வந்த 'ஓலா போலா'வில் 1980 ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக் கால்பந்து அணி. அதில் வரும் கோல் காப்பாளர் முத்து, 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தை நினைவூட்டுபவர். நம் ஆள் பந்தையாவது பிடித்தார் என்று திருப்திப்பட்டோம்.

தமிழ்நாட்டுச் சினிமா வழி வந்தது 'கபாலி' (2016). பா. ரஞ்சித்துக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். சீனத் தொழிலாளிக்கு இணையாகத் தமிழனுக்கும் சம்பளம் கேட்கும் போராட்டத்தைக் கோடிப்பேர் முன் கொண்டுபோனார். நாசர் ஏற்ற தலைவரின் பெயர் தமிழ்நேசன். தற்செயலோ தெரிந்து வைத்ததோ, 1941 கிள்ளான் வேலை நிறுத்தத்தை நடத்திய ஆர்.எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில்தான் வேலை பார்த்தார். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அதே பத்திரிகை. ஆனால் படம் அந்தப் போராட்டத்தைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கும் சூட்டுக்கும் போய்விட்டது. மலேசியாவில் திரையிட்டபோது கடைசியில், கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்து ஓடியது. இங்கே பார்த்தவர்களுக்கு அந்த முடிவு மறக்காது.

ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா மரண ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகள் 12,000க்கு மேல் இறந்தார்கள், ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். உலகம் அறிந்த படமோ 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957). அது இலங்கையில், ஹட்டன் போகும் வழியிலுள்ள கித்துல்கலையில் படமானது. மலையகத் தமிழர்கள் கொழுந்து பறிக்கும் மலைகளின் அடிவாரத்தில் எடுத்த படம், ஆனால் கதையில் தமிழ்த் தொழிலாளி இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் நம்மிடம் உண்டு. அதைத் திரைக்கதையாக்க யாரும் துணியவில்லை. பணம் ஒரு காரணம், உண்மைதான். தமிழ்நாட்டுப் படங்கள் வளர்த்த நம் ரசனை இன்னொரு காரணம். கதாநாயகன் தோற்றுத் திரும்பும் படத்துக்கு நாம் டிக்கெட் எடுப்போமா என்று தயாரிப்பாளர் கேட்டால், என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, எடுக்க வேண்டிய படம் எது என்று சொல்லாமல் போகக்கூடாது. 1941 கிள்ளான் வேலை நிறுத்தம்தான். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலைப் படித்தவர்களுக்குத் தெரியும். சம்பளம், கள்ளுக்கடையை மூடுதல், பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துதல், பிள்ளைகளுக்குப் படிப்பு. நடுவே ஒரு கோரிக்கை: துரையையோ தோட்ட அதிகாரிகளையோ எதிரில் பார்த்தால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லக்கூடாது. காட்சியை நினைத்துப் பாருங்கள். காலை வேலை முடிந்து, பால் வாளி காலியாகி, மண் சாலையில் ஒருவன் மிதித்து வருகிறான். எதிரே துரையின் கார். மிதிப்பது மெதுவாகிறது. கைகள் பிரேக்கின் மேல். இறங்கவில்லை. வசனமே வேண்டாம்.

மே 5இல் நாதன் கைதானார். வேலை நிறுத்தம் பரவியது, சிலாங்கூரில் அவசர நிலை, ராணுவம், துப்பாக்கிச்சூடு. தொழிலாளர் 5 பேர் இறந்தார்கள். பஞ்சாப் படைப்பிரிவுச் சிப்பாய்களைத் தோட்டத்துக்குள் அனுப்பினார்கள். இந்தியன் கையில் துப்பாக்கி, எதிரே நிற்பவனும் இந்தியன். 'மாட் கிலாவ்' போகாத இடம் அதுதான்.

அரசாங்கம் ராணுவத்தைத் துணை நடிகர்களாகத் தரும் என்று காத்திருக்க வேண்டாம். ஜூடே காத்திருக்கவில்லை. இதைப் படிக்கும் இளம் இயக்குநர் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன். கிள்ளானில் பழைய ராலி சைக்கிள் இன்னும் விலைக்குக் கிடைக்கிறது. முதல் காட்சிக்கு அது போதும்.