உஷ்ணக் கணக்கின் சம்பிரதாயங்கள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத் தீவிலும், மேற்கே முசிறி, தொட்டியம் வரையிலும் பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் வளர்க்கும் குடியானவர்கள், மார்கழியில் தள்ளிய தார் முற்றுவதற்கும் கோடையில் தள்ளிய தார் முற்றுவதற்கும் நாள் வித்தியாசம் உண்டென்பதை வழிவழியாக அறிந்தவர்கள். அந்த அனுபவ ஞானத்தை எண்ணாக்கும் சாஸ்திரம் 1735ஆம் ஆண்டில் தோன்றியது. பயிர் முற்றும்வரை நாள்தோறும் நிலவிய உஷ்ணத்தைக் கூட்டிவரும் தொகை, ஆண்டுகள் மாறினாலும் அதிகம் மாறாது என்று பிரெஞ்சு விஞ்ஞானி ரியாமூர் அப்போது சொன்னார். அவர் நட்ட அந்த விதை இன்று பல சம்பிரதாயங்களாகக் கிளைத்து நிற்கிறது.

கணக்குக்கு வேண்டிய மூலதனம் சொற்பமே. வானிலை நிலையத்து வெள்ளை மரப்பெட்டிக்குள் கிடத்தியிருக்கும் இரண்டு உஷ்ணமானிகளில் ஒன்று பாதரசத்தாலானது. குமிழை அடுத்துள்ள குறுகல், ஏறிய பாதரசத்தை இறங்கவிடாமல் நிறுத்திப் பகலின் உச்சத்தைக் காட்டும். மற்றொன்றில் இருப்பது சாராயம். குளிரில் சுருங்கும்போது அது உள்ளே கிடக்கும் சிறு கண்ணாடி முள்ளைத் தன்னோடு இழுத்துச் சென்று, விரியும்போது அங்கேயே விட்டுவிடுவதால் விடியற்காலத்துத் தாழ்வு பதிவாகிறது. இவ்விரண்டு எண்களைக் கொண்டு ஒரு நாள் முழுவதன் சரித்திரத்தையும் எவ்வாறு மீட்பது என்ற இடத்தில்தான் மரபுகள் பிரிகின்றன.

எல்லாவற்றிலும் பழைய மரபு, உச்சத்தையும் தாழ்வையும் கூட்டிப் பாதியாக்கி, பயிர் வளர்ச்சி நின்றுபோகும் அடிவரம்பை அதிலிருந்து கழித்து, மிஞ்சியதை அன்றைய வரவாக வைப்பது. 1969இல் பாஸ்கர்வில், எமின் என்ற இருவர், நாளின் உஷ்ணம் அலைபோல் ஏறி இறங்குவதாகக் கொண்டு அந்த அலையின் பரப்பை அளந்தார்கள். இரவுத் தாழ்வு அடிவரம்புக்குக் கீழே இறங்கும் நாடுகளில் இத்திருத்தம் மிகவும் அவசியம். வாழைக்கு வழக்கமாகக் கொள்ளும் 14 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்காத திருச்சிராப்பள்ளியில், அடிவரம்பைப் பொறுத்தவரை இரண்டு முறைகளும் ஒரே விடையைத்தான் தரும்.

குளிர்காலக் கணக்கு வேறொரு உலகம். பேரி, பிளம் போன்ற மரங்கள் போதிய குளிரை அனுபவித்த பிறகே உறக்கம் கலைந்து அரும்பு விடுகின்றன. 7.2 டிகிரிக்குக் கீழே கழிந்த மணிகளை மட்டும் எண்ணுவது ஆதி முறை. 1974இல் யூட்டா மாநிலத்து அறிஞர்கள் 2.5 முதல் 9.1 டிகிரி வரை முழு அலகும், அதன் இருபுறமும் அரை அலகும் கொடுத்து, 16 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலைக் கடனாகக் கழித்தார்கள். தை மாதத்தில் இரவில் ஏறத்தாழ 8 டிகிரியும் பகலில் 17 டிகிரியும் காணும் கொடைக்கானலில் அத்தகைய நாளில் ஆதி முறைப்படி ஒரு மணியும் தேறாது; ஆயினும் அங்கே பிளம் பூக்கிறது. இரவிலும் 20 டிகிரிக்கு இறங்கத் தயங்கும் ஸ்ரீரங்கத்துக்கு யூட்டா கணக்கைப் போட்டாலோ, நாளொன்றுக்கு 24 அலகு கடனே மிஞ்சும். உஷ்ண தேசத்தின் இந்த இடர்ப்பாட்டை உணர்ந்து, இஸ்ரேலில் பணியாற்றிய ஃபிஷ்மன், எரெஸ் முதலியோர் 1987இல், குளிரின் பயன் இரண்டு படிகளில் உருவாகிறது, முதற்படியில் இருப்பதை வெயில் அழிக்கலாம், இரண்டாம் படியில் உறுதிப்பட்டதை எதுவும் அழிக்காது என்று வகுத்த முறையே, என் மதிப்பில், நம் மலைத்தோட்டங்களுக்கு ஏற்றது.

சமவெளிக்குத் திரும்புவோம், இங்கே தகராறு உச்சவரம்பைப் பற்றியது. மேற்கிந்தியத் தீவுகளின் ஏற்றுமதி வாழைக்கு, பூத்ததிலிருந்து அறுவடைவரை 14 டிகிரிக்கு மேல் 900 அலகு வேண்டும் என்பது 1975 முதல் வழங்கும் பிரமாணம். உச்சம் 39, தாழ்வு 27 என்ற ஒரு சித்திரை நாளை எடுத்துக்கொண்டால், பழைய மரபுப்படி வரவு 19 அலகு. 900 நிறைய 48 நாள் போதும். தோட்டத்தில் எந்தத் தாரும் அவ்வளவு விரைவில் முற்றியதில்லை. 34 டிகிரியை உச்சவரம்பாக வைத்து, அதற்கு மேற்பட்டதை வெட்டிவிட்டால் வரவு 16.5, மேற்பட்டதை வெட்டுவதோடு நில்லாமல் அதே அளவு தண்டமும் கழித்தால் 14, அதாவது 65 நாள். அனல் காற்றில் இலை கிழிந்து, தண்ணீர் தட்டுப்பட்டு நிற்கும் கன்றைப் பார்த்தவர் எவரும் 39 டிகிரியை வாழைக்கு ஊட்டமென்று கணக்கெழுதத் துணியார். ஆகவே தண்டம் கழிக்கும் முறையே காவிரிக் கரைக்கு நியாயமானது என்பது என் துணிபு. அமெரிக்க மக்காச்சோளக் கணக்கிலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் சேர்வதில்லை.

வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க மரபுகள் அருகருகே வாழும் ஊரில், எந்தப் பஞ்சாங்கப்படி என்று சொல்லாமல் திதி சொன்னால் யாரும் திருப்தியடைய மாட்டார்கள். உஷ்ணத் தொகைக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்: அடிவரம்பு எது, உச்சவரம்பு எது, அதற்கு மேற்பட்டதை என்ன செய்தோம், எந்த நிலையத்துப் பதிவு என்பவை எண்ணோடு சேர்ந்தே வரவேண்டும். விமான நிலையத்து வறண்ட வெளியில் அளந்த உஷ்ணம், கொள்ளிடக் கரையின் நனைந்த வாழைக்கொல்லைக்கு அப்படியே பொருந்துவதில்லை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சிராப்பள்ளியிலேயே அமைந்திருப்பதால், பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் கற்பூரவல்லிக்கும் தனித்தனிப் பிரமாணம் இங்கேயே வகுக்கப்படுவதுதான் பொருத்தம். அதற்குக் குடியானவர் தரவேண்டிய உதவி, ஒவ்வொரு மரத்திலும் தார் தள்ளிய தேதியையும் வெட்டிய தேதியையும் தவறாமல் குறித்துவைப்பதே.