ஆற்றுப்படையும் அரை நாள் யாத்திரையும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்காகக் காஞ்சிபுரத்தைப் பற்றி நான் ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். காலை ஒன்பது மணிக்கு ஊரில் இறங்கி, மாலை நான்கு மணிக்குத் திரும்பியவன் எழுதிய கட்டுரை அது. 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம், வரதராஜர் கோயில் மண்டபத்துக் கல் சங்கிலி, கைலாசநாதரின் சிங்கத் தூண்கள் எல்லாம் அதில் இருந்தன. நெசவாளியையும் விடவில்லை. தன்னந்தனியே தறிக்குழியில் அமர்ந்து, ஒரு தவசியைப் போல் அவன் நாடா எறிவதாக எழுதியிருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கட்டுரை வெளிவந்து பத்து நாளைக்குள் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரிகள். கோர்வைச் சேலையைத் தனி ஆள் நெய்ய முடியாது. நீங்கள் பார்த்தது யார் வீட்டுத் தறி என்று கேட்டிருந்தார் எழுதியவர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த வீட்டுத் தறியையும் பார்க்கவில்லை. ஒரு ஜவுளிக் கடையின் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

இந்த அவமானத்துக்குப் பிறகுதான், நம் பயணக் கட்டுரைகளில் ஏன் இத்தனை உயிரின்மை என்று யோசிக்கத் தொடங்கினேன். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு ஜாதி. ஒன்று ஸ்தலபுராணத்தின் சுருக்கம். மற்றது பஸ் நேரமும் தங்கும் விடுதியும் சொல்லும் கைப்புத்தகம். இரண்டிலும் ஊர் இருக்கும், ஊரார் இருக்க மாட்டார்கள். வழி என்று ஒன்று இருந்ததாகவே தெரியாது. எழுதுகிறவர் வானத்திலிருந்து கோபுர வாசலில் குதித்தவர் போலத் தொடங்குவார்.

இத்தனைக்கும் காஞ்சிக்குப் போகும் வழியைச் சொல்வதற்கென்றே நம்மிடம் ஒரு நூல் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 500 அடிகள். தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். 1889-ல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் கொண்டு வந்ததிலிருந்து பண்டிதர்கள் அதைப் படித்து வருகிறார்கள். நான் பண்டிதனல்ல. கல்லூரியில் பரீட்சைக்காகத் தொட்டுப் பார்த்ததோடு சரி. கடிதம் வந்த பிறகு அதை ஒரு பயண நூலாக எடுத்துப் படித்தேன்.

முதலில் திகைப்பாக இருந்தது. காஞ்சி வருகிற வழியாகவே காணோம்! உப்பு வணிகர் வண்டிகள் வருகின்றன. ஊறுகாய்ப் பானை தொங்கும் வண்டியைக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஓட்டுகிறாள். கழுதைகள் மிளகு மூட்டை சுமந்து போகின்றன, சுங்கக் காவலர் நிற்கிறார்கள். எயினப் பெண்கள் கடப்பாரையால் கரம்பைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, விளாமரத்தடியில் மான் கட்டிய முற்றத்து நிலவுரலில் குத்துகிறார்கள். உப்புக்கண்டத்தோடு அந்தச் சோற்றைத் தேக்கிலையில் போடுகிறார்கள். அப்புறம் ஆயர், உழவர், வலைஞர், அந்தணர். ஒவ்வொரு குடியிலும் என்ன சமையல், யார் பரிமாறுவார்கள் என்று பாணன் சொல்லிக்கொண்டே போகிறான். துறைமுகம் ஒன்றில் கப்பல்களுக்காக உயரத்தில் விளக்கு எரிகிறது. அதற்கெல்லாம் பின்னால்தான் திருவெஃகா, கடைசியில் கச்சி.

பசித்தவனுக்குச் சொல்லும் வழி என்பதால்தான் இது இப்படி அமைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எவன் வீட்டில் சோறு கிடைக்கும் என்பதுதான் அவனுக்கு வேண்டிய சமாசாரம். மண் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் சோறு இருக்கும். சோறு எப்படியோ அப்படியே மனிதர்கள். இயற்கை, தொழில், பழக்கவழக்கம் என்று நாம் தனித்தனித் தலைப்பு கொடுத்து எழுதுவதை அந்தப் புலவர் ஒரே பிடி சோற்றில் காட்டிவிடுகிறார்.

நூலில் குறை இல்லாமலில்லை. நகருக்குள் நுழைந்தவுடன் புலவர் அவசரப்படுகிறார். திருமாலின் உந்தித் தாமரை, பறவைகள் மொய்க்கும் பலாமரம் என்று இரண்டு உவமைகளில் ஊரை உயர்த்திவிட்டு அரசனிடம் ஓடுகிறார். காட்டில் உரல்வரை பார்த்த கண், தலைநகரின் தெருவில் எவர் வீட்டு உள்ளையும் பார்க்கவில்லை. பரிசில் பக்கத்தில் வந்துவிட்டது, பாவம்!

அந்தத் தெருவைப் பார்க்க வேண்டுமானால் பல நூற்றாண்டு தள்ளி, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரஹசனத்துக்குப் போகவேண்டும். கபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுக் காஞ்சித் தெருவில் ஒரு பௌத்த பிக்ஷுவைப் பிடித்துச் சண்டை போடுகிறான். எடுத்துப் போனது நாய். மீட்டுத் தருவது பைத்தியக்காரன். ஓர் அரசன் தன் தலைநகரைக் கள்ளுக்கடை வாசலிலிருந்து பார்த்து எழுதினான் என்பது சாமானியமா? எந்தப் புகழுரையையும்விட அந்தக் கேலியில் காஞ்சி எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

நம் தலைமுறைகளுக்குக் காஞ்சியைக் காட்டியவர் கல்கி. 1944 முதல் 1946 வரை தொடராக வந்த 'சிவகாமியின் சபத'த்தைப் படித்துவிட்டுக் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ச் சிவகாமியைத் தேடியவர்களில் நானும் ஒருவன். அவள் கற்பனை. கோயிலோ மாமல்லனின் கொள்ளுப்பேரனான ராஜசிம்மன் கட்டியது. கதைக்குப் பின்னால் வந்த கட்டடம். இதற்காகக் கல்கியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஏற்றிவிட்ட ஆசை இல்லையென்றால் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டேன். ஆனால் ஆசையோடு போனவன் தூண்களையும் பார்க்கவேண்டாமா? அங்கே ஒரு தூணில் கன்னட சாசனம் இருக்கிறது. மாமல்லன் வாதாபியை வென்று சுமார் நூறு வருஷம் கழித்து, சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் கொளுத்தவில்லை. கோயிலின் பொன்னைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டுப் போனான். பழிவாங்கும் கதைக்கு இப்படி ஒரு முடிவை எந்த நாவலாசிரியனாவது எழுதத் துணிவானா? முதல் தடவை அந்தத் தூணைக் கடந்துதான் போனேன். சிவகாமி நினைப்பில் கண் அதில் படவில்லை.

2019-ல் அத்திவரதர் நீரிலிருந்து எழுந்த 48 நாட்களில் லட்சக் கணக்கில் ஜனங்கள் அந்த ஊருக்கு வந்து போனார்கள். எத்தனை பேர் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போயிருப்பார்கள்? ஊரை ஒட்டியே இருக்கிறது. சமணர் கோயில், விதானமெங்கும் பழைய சித்திரங்கள்.

கடிதம் எழுதியவரைத் தேடிக்கொண்டு மறுபடியும் போனேன். எழுபது வயதுக்காரர். கோபமெல்லாம் இல்லை. "வாங்க தம்பி, இப்ப பாருங்க" என்று தறியருகே மணை போட்டார். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அவர் வீட்டில் அது அவருடைய மனைவி. ஒருவர் எழுந்து போனால் மற்றவருக்கும் வேலை நின்றுவிடும். என் தவசிக்கு ஒரு சம்சாரம் இருந்தாள், நான்தான் அவளை அழித்துவிட்டிருந்தேன்.

பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. இந்த ஊரின் சொந்தச் சரக்கு எது என்று கேட்டேன். "கைதான்" என்றார். பிறகு நினைத்துக்கொண்டு, "தண்ணியும் இருந்துச்சு" என்றார். பாலாற்றுத் தண்ணீரில் சாயம் ஏறினால் மெருகு தனி என்று அந்த ஊரில் சொல்லுவார்கள். ஆற்றில் நான் பார்த்தது மணல்.

கிளம்பும்போது மீண்டும் எப்போது வரலாம் என்று கேட்டேன். "ஐப்பசி கார்த்திகையில வராதீங்க. மழையில பாவு தெருவுக்கு வராது. தை பிறந்ததும் வாங்க. விடியறதுக்குள்ள வரணும், வெயில் ஏறினா சுருட்டிடுவோம். தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கஞ்சி போட்டுக்கிட்டிருப்போம். தாண்டிடாதீங்க, ஓரமா வாங்க. சாப்பாடு நம்ம வீட்டுலதான்."