சுவை வேறு; தீர்ப்பு வேறு

சுவை என்னும் சொல் நாவின் உணர்வையும் குறிக்கும். கலையின்கண் உள்ளம் கொள்ளும் உணர்வையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் ஒரே சொல் இவ்விரண்டிற்கும் வழங்குகின்றது. சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. பாகற்காய் பிடிக்காது என்பவரோடு எவரும் பகைகொள்வதில்லை. தாம் போற்றும் ராக் இசைத்தட்டை ஒருவர் பழித்துவிட்டாலோ, நெடுநாள் நண்பரும் முகந்திருப்பிக்கொள்கின்றனர். காரணம் யாது? உணவை விரும்புபவர் ‘எனக்குப் பிடிக்கும்’ என்ற அளவில் நின்றுவிடுகிறார். இசையை விரும்புபவர் ‘இது சிறந்தது’ என்று மேலும் ஒருபடி செல்கிறார். முன்னது சுவை, பின்னது தீர்ப்பு. செருமானிய மெய்யறிஞர் கான்ட் 1790இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை விரித்துரைத்தார். தீர்ப்புக் கூறுபவர் பிறரும் தம்மோடு உடன்பட வேண்டும் என எதிர்பார்க்கிறார். பூசல் முளைக்கும் இடம் அதுவே.

பட்டியல் மாறியது ஏன்?

அமெரிக்காவில் 1967இல் தொடங்கப்பெற்ற ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ராக் இசைத் திறனாய்வில் பெயர்பெற்றது. லெட் செப்பலின் குழுவினரின் முதல் இசைத்தட்டை 1969இல் அவ்விதழ் மதிப்பிட்டபொழுது குறைகளையே மிகுத்துக் காட்டிற்று. அதே இதழ் 2003இல் தலைசிறந்த 500 இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தியபொழுது அதனை 29ஆம் இடத்தில் அமர்த்தியது. அவ்வரிசையில் முதலிடம் பெற்றது பீட்டில்ஸ் குழுவினரின் ‘சார்ஜெண்ட் பெப்பர்’. 2020இல் புதிதாக வாக்கெடுத்து வரிசையை மாற்றி அமைத்தபொழுது அது 24ஆம் இடத்திற்கு இறங்கியது. முன்பு ஆறாம் இடத்திலிருந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடம் ஏறியது.

1967இல் வெளிவந்த பாட்டுகளில் ஓர் ஒலியேனும் மாறியதுண்டோ? இல்லை. வாக்களித்தோர் மாறினர், காலம் மாறியது. ‘சார்ஜெண்ட் பெப்பர்’ வெளிவந்த ஆண்டிலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைன் என்பவர் அதனைக் குறைகூறி எழுதினார். சினங்கொண்ட வாசகர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. அன்று அவர் ஒருவர், எதிர்நின்றோர் பலர். பலர் கூறுவதாலேயே ஒரு தீர்ப்பு மெய்யாகிவிடாது; ஒருவர் கூறுவதாலேயே பொய்யாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

சாடியின் அடியிற் கிடந்த சாவி

அவ்வாறாயின் தீர்ப்பு என ஒன்று இல்லையோ? அவரவர்க்கு அவரவர் சுவை என்று வாளாவிருந்துவிடலாமோ? ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம் 1757இல் எழுதிய கட்டுரையில் இவ்வினாவை ஆராய்ந்தார். அதில் அவர் எடுத்துக்காட்டும் கதை, செர்வாண்டிஸ் இயற்றிய ‘டான் குவிக்ஸோட்’ நூலிலிருந்து பெற்றது. இருவரிடம் மதுவைக் கொடுத்து அதன் தரம் கேட்டனர். ‘நல்ல மது, ஆயினும் சிறிது தோல் நாற்றம் உண்டு’ என்றார் ஒருவர். ‘சிறிது இரும்பின் சுவை உண்டு’ என்றார் மற்றவர். கேட்டோர் நகைத்தனர். சாடி வெறுமையானதும் பார்த்தால், அடியில் தோல்வார் கோத்த ஒரு பழைய சாவி கிடந்தது!

இக்கதை உணர்த்துவது யாது? நுண்ணிய சுவையுணர்வு வெறுங்கற்பனையன்று. அது பொருளிலேயே உள்ள ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறது. எனவே, ‘இவ்விசைத்தட்டு மட்டம்’ என்பது திறனாய்வு ஆகாது. ‘இப்பாட்டில் முரசொலி குரலை மூழ்கடிக்கிறது, சொற்கள் கேட்கவில்லை’ என்பது திறனாய்வின் தொடக்கம். அதனைக் கேட்பவர் தட்டை மீண்டும் சுழலவிட்டுச் சோதித்துக்கொள்ளலாம். முன்னதில் சாவி இல்லை, பின்னதில் உண்டு.

அதே ஹியூம், இருபது வயதில் ஒரு புலவரும், நாற்பதில் மற்றொருவரும், ஐம்பதில் வேறொருவரும் இனிப்பது இயல்பே என்றும் கூறுகிறார். வயதாலும் இயல்பாலும் எழும் இவ்வேறுபாட்டில் குற்றம் எவரிடத்தும் இல்லை. பதினாறு வயது மாணவன் கேட்கும் உரத்த இசையை ஐம்பது வயது ஆசிரியர் இகழ்வதற்கு முன் எண்ணிப் பார்க்கவேண்டிய கருத்து இது.

சிகாகோவில் வெடித்தவை

பிறர் சுவையை இகழ்வதால் என்ன கேடு வந்துவிடும் என வினவுவோர் உளர். 1979ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் சிகாகோ நகரின் காமிஸ்கி பேஸ்பால் அரங்கில் நிகழ்ந்தது அவர்க்கு விடையாகும். ராக் இசையை விரும்பிய வானொலி அறிவிப்பாளர் ஒருவர் டிஸ்கோ இசையை எதிர்த்து முழங்கிவந்தார். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருவோர்க்கு நுழைவுக்கட்டணம் 98 காசு மட்டுமே என அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆட்டங்களுக்கு இடையே அத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் ஆடுகளத்துள் பாய்ந்து அதனைப் பாழாக்கியது. இரண்டாம் ஆட்டம் நடைபெறவேயில்லை.

டிஸ்கோ, கறுப்பினத்தாரும் லத்தீன் மக்களும் ஒருபால் விழைவோரும் கூடிய நடன மன்றங்களில் வளர்ந்த இசை. இனவெறுப்புத் தம் நோக்கமன்று என அறிவிப்பாளர் மறுத்தார். ஆயினும், டிஸ்கோ அல்லாத கறுப்பர் இசைத்தட்டுகளும் அன்று கொண்டுவரப்பட்டன என, அரங்கில் பணிபுரிந்த வின்ஸ் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இசையை வெறுப்பதாகத் தொடங்கியது, அவ்விசைக்குரிய மக்களை வெறுப்பதாக எத்துணை எளிதில் மாறிவிடுகிறது! அவ்விளைஞரே ‘ஹவுஸ்’ என்னும் புதிய இசையின் முதல் தட்டுகளுள் ஒன்றாக மதிக்கப்பெறும் ‘ஆன் அண்ட் ஆன்’ (1984) உருவாவதில் பங்குகொண்டார். டிஸ்கோவின் வழித்தோன்றலான அவ்விசை, டிஸ்கோவைத் தகர்த்த அதே நகரில் பிறந்து உலகெங்கும் பரவியது.

ஒரு திறனாய்வாளரின் சோதனை

கனடா நாட்டுத் திறனாய்வாளர் கார்ல் வில்சன், பாடகி செலின் டியானின் பாட்டை அறவே வெறுத்தவர். 2007இல் வெளிவந்த அவரது நூல், அவ்வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பதையே ஆராய்கிறது. அப்பாடகியின் சுவைஞர்களைத் தேடிச்சென்று உரையாடினார். லாஸ் வேகாசில் அவர் பாடும் அரங்கிற்கும் சென்றார். ஒருவரின் சுவை அவர்தம் சமூகப் படிநிலையைக் காட்டும் அடையாளம் என்னும் பிரெஞ்சு அறிஞர் பூர்தியூவின் கொள்கையையும் துணைக்கொண்டார். அக்கொள்கையில் உண்மை உண்டு, முழுவுண்மை இல்லை. படிநிலையே அனைத்தையும் முடிவுசெய்யுமாயின், ஒரே வீட்டில் பிறந்த இருவர் இருவேறு இசையைப் போற்றுவது எங்ஙனம்? வில்சன் நூலின் பெருமை கொள்கையில் இல்லை. தாம் இகழ்ந்தவரின் அருகில் அமர்ந்து செவிசாய்த்த செயலில் உள்ளது.

ஆகவே, பிறர் சுவையை மதித்தல் என்பது தம் தீர்ப்பைக் கைவிடுதலன்று. முதற்கண் முழுவதும் கேட்க. கேட்டதைச் சான்றுடன் சொல்க. பிடிக்கவில்லை என்பதையும் சிறப்பில்லை என்பதையும் வேறுபிரித்துக் கூறுக. இசைத்தட்டைக் குறைகூறினும் அதனைச் சுவைத்தவரைக் குறைகூறாதொழிக. எல்லாம் ஒன்றே என்பவர் கலைக்கு மதிப்பளிப்பதில்லை. தம்முடையதே சிறந்தது என்பவர் மனிதர்க்கு மதிப்பளிப்பதில்லை. வகுப்பறையில் மாணவனின் சுவையைத் திருத்த விரும்பும் ஆசிரியர், அவன் விரும்பிக் கேட்கும் பாட்டில் அவன் காண்பது யாது என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். அதன்பின் அவர் கூறும் மாற்றுக்கருத்து அவன் செவியில் ஏறும்.