மூன்றாமிடத்துக்கான ஆட்டம்

நான் பார்த்த ஹாக்கிப் படங்களெல்லாம் ஒரு பெரிய வெற்றியில் முடிகின்றன. நான் பின்தொடர்ந்த ஹாக்கி பெரும்பாலும் அதற்குச் சில மணிநேரம் முன்னால், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் முடிந்துபோகிறது. படத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சில மணிநேரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

2007 ஆகஸ்டில் 'சக் தே இந்தியா' வந்தபோது நான் பொறியியல் முதலாமாண்டு. விடுதி அறையில் ஒரே மடிக்கணினி, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். இந்தி தெரிந்தவன் ஒருத்தன், அவன் வாயைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் படத்தைப் பார்த்தோம். கடைசி பெனால்டி ஸ்ட்ரோக்கை கோல்கீப்பர் தடுத்ததும் கட்டிலில் ஏறிக் குதித்ததில் ஒரு சட்டம் உடைந்தது. அப்போது எங்களில் ஒருத்தனுக்கும் இந்திய அணியில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து பேர் பெயர் தெரியாது. அடுத்த வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய ஆண்கள் அணி தகுதியே பெறவில்லை என்பதுகூட பொது அறிவுக் கேள்வியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

உண்மையான ரசிகனாக ஒரு தொடரை நான் பின்தொடர்ந்தது 2021இல். கொரோனாவால் வீட்டிலிருந்தே வேலை. ஊர் காமயகவுண்டன்பட்டி. கம்பத்திலிருந்து சுருளி போகும் பக்கம். ஆடிக்காற்றும் சாரலுமாக இருந்த நாட்கள். பெரியப்பாவுக்குத் திராட்சைப் பந்தல் உண்டு. காலையில் பந்தலுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். எனக்கு ஒன்பதரை மணிக்கு மீட்டிங். அதற்கு முன்னால் டோக்கியோ.

பெரியப்பாவுக்கு ஹாக்கி தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கடைசியாகப் பின்தொடர்ந்தது 1980 மாஸ்கோ, அதுவும் ரேடியோவில். "பாஸ்கரன் நம்ம ஊர்க்காரன்டா. ஸ்பெயினை நாலுக்கு மூணு. அம்புட்டு சனம் ரேடியோவைச் சுத்தி நின்னுச்சு" என்றார். அந்த ஒலிம்பிக்ஸைப் பல நாடுகள் புறக்கணித்ததையும், ஆண்கள் ஹாக்கியில் ஆறே ஆறு அணிகள்தான் ஆடின என்பதையும் நான் சொன்னேன். "வராதவனுக்காக நாம என்ன செய்ய முடியும்?" என்று முடித்துவிட்டார்.

தொடக்கம் மோசமாக இருந்தது. ஜூலை 25 அன்று ஆஸ்திரேலியாவிடம் 1-7. அதற்கப்புறம் ஸ்பெயின், அர்ஜென்டினா, ஜப்பான் என்று வரிசையாக வெற்றி. ஆகஸ்ட் 1 காலிறுதியில் கிரேட் பிரிட்டனை 3-1. பெண்கள் அணி அதைவிட விசித்திரம். முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பிறகு அயர்லாந்தை 1-0, தென்னாப்பிரிக்காவை 4-3. அந்த ஆட்டத்தில் வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார், ஒலிம்பிக்ஸில் அப்படிச் செய்த முதல் இந்தியப் பெண். காலிறுதியில் ஆஸ்திரேலியாவையே 1-0.

ஒரு தொடரைப் பின்தொடர்வது எப்படி இருக்கும் என்று கேட்டால், ஆட்டம் நடக்கும் ஒரு மணிநேரம் அதில் சின்னப் பங்குதான். மீதி நாற்பத்தியெட்டு மணிநேரம்தான் ரசிகனுடையது. கோட் எழுதிக்கொண்டிருக்கும்போது பெனால்டி கார்னர் ஞாபகம் வரும். பெல்ஜியத்தின் ஹென்ட்ரிக்ஸ் எந்தப் பக்கம் அடிப்பார் என்று யூடியூபில் பார்ப்பேன், நானே கோல்கம்பத்துக்குள் நிற்கப்போவதுபோல.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு. அரையிறுதி. மூன்றாவது கால்பகுதி முடிகையில் 2-2. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பெல்ஜியம் மூன்று கோல். ஹென்ட்ரிக்ஸ் மட்டும் மொத்தம் மூன்று. 2-5. பெரியப்பா எழுந்து பந்தலுக்குப் போய்விட்டார். நான் கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில், நம் தடுப்பாட்டக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அந்த வரியை இங்கே மறுபடி எழுத மாட்டேன். அவர் எந்த மாநிலத்துக்காரர் என்பதும், அந்த மாநிலத்து ஆட்களைப் பற்றி நாம் பேசிக்கொள்கிற ஒன்றும் அதில் இருந்தன. ஏழெட்டுச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. மீட்டிங்குக்குப் போனேன்.

*

மூன்றாமிடத்துக்கு ஆட்டம் எதற்கு என்று உலகம் பலமுறை கேட்டிருக்கிறது. ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையில் 1980க்குப் பிறகு அப்படியொரு ஆட்டமே கிடையாது. கிரிக்கெட் உலகக்கோப்பையில் அரையிறுதியில் தோற்றவன் அன்று ராத்திரியே பெட்டி கட்டலாம். ஒலிம்பிக்ஸ் ஹாக்கியில் கட்ட முடியாது. கனவு உடைந்த இரண்டாம் நாள் காலை மறுபடி காலில் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். எதிரில் நிற்பவனும் கனவு உடைந்தவன்தான். ஜெயித்தால் பதக்கம், தோற்றால் ஒன்றுமேயில்லை.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸின் பதக்க மேடைகளை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூன்று உளவியலாளர்கள் 1995இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் முகத்தில் மகிழ்ச்சி அதிகம் என்றார்கள். வெள்ளிக்காரன் தங்கத்தை நினைக்கிறான், வெண்கலக்காரன் வெறுங்கையை நினைக்கிறான். இந்திய ஹாக்கி வரலாறு இந்த முடிவுக்கு ஒரு திருத்தம் போடுகிறது. 1968லும் 1972லும் நாம் வாங்கியது வெண்கலம்தான். 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு தங்கமும் 1964இல் இன்னொன்றும் பார்த்த நாட்டுக்கு அது வீழ்ச்சியாகத் தெரிந்தது. அதே உலோகம் 2021இல் நாட்டையே அழவைத்தது. பதக்கத்துக்கென்று ஒரு நிலையான அர்த்தம் இல்லை. அதற்கு முன்னால் நாம் எத்தனை வருடம் காத்திருந்தோம் என்பதுதான் அர்த்தம். நடுவில் பெய்ஜிங்குக்குப் போகவே முடியாமல் இருந்தோம், 2012 லண்டனில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தோம்.

ஆகஸ்ட் 5 காலை ஏழு மணி. ஜெர்மனி இரண்டாவது நிமிடத்திலேயே கோல். ஒரு கட்டத்தில் 3-1. பெரியப்பா எழுந்திருக்கப் பார்த்தார். அரைமணி ஆவதற்குள் 3-3. இடைவேளைக்குப் பிறகு நாம் 5-3. பிறகு ஜெர்மனி ஒன்று போட்டு 5-4. முடிய ஆறே விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். பிறகு கோல்கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நாற்பத்தியோரு வருடம்.

"ஏன்டா, மூணாவது வந்ததுக்கா இம்புட்டு அழுகுறாய்ங்க?" என்றார் பெரியப்பா. அவர் கண்ணும் சரியில்லை.

அன்று மத்தியானம்தான் அந்தச் செய்தி வந்தது. முந்தின நாள் பெண்கள் அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றிருந்தது. ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் சிலர் பட்டாசு வெடித்து ஆடியதாகவும், அணியில் தலித்துகள் அதிகம் இருப்பதால்தான் தோற்றது என்று திட்டியதாகவும் குடும்பத்தார் புகார் கொடுத்திருந்தார்கள். வழக்குப் பதிவானது. அந்த மே மாதம்தான் வந்தனாவின் அப்பா இறந்திருந்தார். பயிற்சி முகாமில் இருந்ததால் அவரால் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியவில்லை.

எங்கள் குழுவில் அந்தச் செய்தியைப் பகிர்ந்து, "இவனுங்கல்லாம் மனுசனா" என்று ஒருத்தன் எழுதினான். அதற்குக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தால் என் வரி. பட்டாசு வெடிக்க எனக்கு அந்த வீட்டுவாசல் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அழிக்கலாம் என்று பார்த்தேன். நேரம் கடந்துவிட்டதால் எல்லோருக்குமாக அழிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பெண்களுக்கான வெண்கல ஆட்டம். கிரேட் பிரிட்டன் 2-0. இந்தியா சில நிமிடங்களுக்குள் மூன்று கோல் போட்டு 3-2. அந்த மூன்றாவது கோல் வந்தனாவுடையது. கடைசியில் 3-4. நான்காமிடம். அந்தப் பெண்கள் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

*

அன்று ராத்திரி 'சக் தே இந்தியா'வை மறுபடி பார்த்தேன். ஷிமித் அமீனின் இயக்கமும் ஜெய்தீப் சாஹ்னியின் எழுத்தும் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. வடகிழக்கிலிருந்து வரும் பெண்களைத் 'விருந்தாளிகள்' என்று அழைக்கும் இடம், மாநிலத்தின் பெயரைச் சொல்லாமல் இந்தியா என்று சொல்ல வைக்கும் இடம் எல்லாம் எனக்கே சொன்னதுபோல இருந்தன. முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 0-7 என்று தோற்பதுகூட டோக்கியோவின் 1-7ஐ முன்கூட்டியே எழுதியதுபோல இருக்கிறது.

ஆனால் படத்தின் கணக்கு இடறுகிறது. கபீர் கான் பாகிஸ்தானுக்கு எதிராகப் பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தவறவிட்டவர். முஸ்லிம் என்பதால் துரோகி ஆக்கப்படுகிறார், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்கிறார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டியில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபின் கோல்கீப்பர் மிர் ரஞ்சன் நேகி மீது விழுந்த பழியை இது பலருக்கும் நினைவூட்டியது. படத்தின் கடைசியில் கபீர் அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறார். வர முடிகிறது, ஏனென்றால் கையில் உலகக்கோப்பை இருக்கிறது.

அந்தப் பெண்கள் நான்காவதாக வந்திருந்தால் அவருக்கு வீடு திரும்பக் கிடைத்திருக்குமா? படம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தோற்றவனை அவன் பிறப்பைச் சொல்லித் திட்டுவது தவறு என்பதற்குப் படம் தரும் ஆதாரம், அவன் பிறகு ஜெயித்துக் காட்டினான் என்பது. ஆதாரமே தங்கம் என்றால், தங்கம் வராத நாளில் திட்டியவன் பக்கம் நியாயம் போய்விடுகிறது. ரோஷ்னாபாத்தில் பட்டாசு வெடித்தவர்களும் ஏறத்தாழ அந்தக் கணக்கைத்தான் வைத்திருந்தார்கள். நானும்தான்.

மற்ற படங்கள் இந்த அளவுக்குக்கூட சோதிக்கவில்லை. 'கோல்டு' 1948 லண்டன் தங்கத்துக்குப் போகிறது. 'சூர்மா' சந்தீப் சிங் துப்பாக்கிச்சூட்டுக் காயத்திலிருந்து மீண்ட கதை. தமிழில் 'நட்பே துணை' காரைக்காலில் ஒரு மைதானத்தைக் கம்பெனிக்காரர்களிடமிருந்து காப்பாற்றுகிறது. மைதானம் யாருக்குச் சொந்தம் என்ற அந்தக் கேள்வி முக்கியமானது. ஆனால் அதிலும் ஹாக்கி ஒரு வழக்கை ஜெயிக்கும் சாட்சி. இந்தப் படங்களில் ரசிகன் என்பவன் கூட்டம். கொடியாட்டுவான், அழுவான், எழுந்து நிற்பான். தோற்ற இரவில் அவன் போனில் என்ன தட்டச்சு செய்தான் என்று காமிரா பார்ப்பதில்லை.

அர்செனல் ரசிகரான நிக் ஹார்ன்பி 1992இல் எழுதிய 'ஃபீவர் பிட்ச்' அதைப் பார்க்கிறது. ஒவ்வொரு ஆட்டத்தின் தேதியையும் போட்டு அன்றைக்குத் தான் என்ன ஆளாக இருந்தேன் என்று எழுதுகிறார். அவமானப்படும் இடங்களைத் தாண்டிப் போவதில்லை. தமிழில் அப்படியொரு புத்தகம், அதுவும் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு அணியின் ரசிகன் எழுதியது, எனக்கு வேண்டும். நம் ரசிக மனத்தில் சாதியும் மாநிலமும் மதமும் எந்த அலமாரியில் இருக்கின்றன, எந்த நிமிடத்தில் வெளியே வருகின்றன என்று அதில்தான் தெரியும். அவை இறுதிப்போட்டியில் வெளியே வருவதில்லை. அரையிறுதி முடிந்த அரைமணி நேரத்தில் வருகின்றன.

*

2025 டிசம்பரில் ஆண்களுக்கான ஜூனியர் உலகக்கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 2ஆம் தேதி இந்தியா மதுரையில் சுவிட்சர்லாந்தோடு ஆடியது. பெரியப்பாவைக் கம்பத்தில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். 5-0. ஆட்டத்தைவிட அந்த நீலத் தரையைத்தான் அவர் அதிகம் பார்த்தார். "தண்ணி ஊத்தி ஊத்தி ஆடுறாய்ங்களேடா, நமக்குப் பந்தலுக்கு இம்புட்டு வந்தாப் போதும்" என்றார்.

5ஆம் தேதி சென்னையில் காலிறுதி. பெல்ஜியத்தோடு 2-2, ஷூட்-அவுட்டில் 4-3. பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். 2024 பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்ற வெண்கல ஆட்டத்தோடு ஓய்வுபெற்றவர். 7ஆம் தேதி அரையிறுதியில் ஜெர்மனி நம்மை 5-1 என்று அடித்தது.

எங்கள் குழு விழித்துக்கொண்டது. அதே ஆட்கள், அதே மாதிரி வரிகள், இந்த முறை இருபது இருபத்தோரு வயதுப் பையன்களைப் பற்றி. நான் பெரிதாக அறிவுரை சொல்லவில்லை. அதற்கான தகுதி எனக்கு இல்லை என்பதற்கு அதே குழுவில் ஆதாரம் இருக்கிறது. "புதன்கிழமை இன்னொரு மேட்ச் இருக்குடா, பாருங்க" என்று மட்டும் போட்டேன். யாரும் பதில் போடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அர்ஜென்டினா. முக்கால்வாசி ஆட்டம் முடிந்தபோது 0-2. பெரியப்பா எழுந்திருக்கவில்லை. கடைசிக் கால்பகுதியில் நம் பையன்கள் நாலு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்கள். போடாமல் இருந்திருந்தாலும் இந்தக் கட்டுரையை இதே வார்த்தைகளில் எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எழுதியிருக்க வேண்டும். எழுதியிருப்பேன் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.