விடுபட்ட அளவும் கணிப்பொறியும்

மழைமானியில் மூன்று நாள்கள் 10, 20, 30 மில்லிமீட்டர் அளந்தீர்கள். நான்காம் நாள் பெருமழை. மானி நிரம்பி வழிந்ததால் அளவைக் குறிக்க இயலவில்லை. சராசரி என்ன?

‘ஆர்’ என்னும் கணிப்பொறி மொழி விடை தர மறுக்கும். விடுபட்டதை ஒதுக்கும்படி நீங்களே கட்டளையிட்டால்தான் 20 என்று சொல்லும். பைத்தான் மொழியின் ‘பாண்டாஸ்’ தொகுப்போ, கேளாமலே ஒதுக்கிவிட்டு 20 என்கிறது. மிகுதியாகப் பெய்த நாளே கணக்கில் இல்லை!

நான்கு நாள்களும் விடுபட்டிருந்தால்? பாண்டாஸ் மொத்த மழை 0 என்கிறது. 2017 இறுதியில் வந்த 0.22 பதிப்பிலிருந்து இதுவே வழக்கம். எண்களே இல்லாத கூட்டலுக்கு விடை 0 என்பது கணிதத்தில் முறைதான். ஆனால், அளக்காத மழை பெய்யாத மழை ஆகுமா?

ஆரின் பிடிவாதம் மாணவர்க்கு எரிச்சலூட்டும். ஆயினும் நான் அதன் பக்கமே. ஓர் அளவேனும் இருந்தால் மட்டும் கூட்டு என்று பாண்டாஸுக்கும் கட்டளையிடலாம். கையேட்டைப் புரட்டாதவர்க்கு அது தெரியாது.