கொலைக்களத்தில் ஐயுற்ற காவலர்

சிலப்பதிகாரம் பேசப்பெறும் மேடைகளில் பெரும்பாலும் மூவரே கூண்டில் நிறுத்தப்பெறுவர்: பொய்யுரைத்த பொற்கொல்லன், ஆராயாத பாண்டியன், வினை துரத்த மதுரை புகுந்த கோவலன். கொல்லனைக் கடிந்து, பாண்டியன் முடிவைப் போற்றி, ஊழில் கொண்டுபோய் நிறுத்திவிடுவது வழக்கம். அவ்வழக்கில் அழைக்கப்பெறாத சிலரை ஈண்டு அழைக்க விழைகின்றேன். அவர்களுக்குப் பெயர் இல்லை. அரசன் பணி ஏற்று ஊர் காத்தவர்கள். வேலையின் பொருட்டே கடல் கடந்து, சாத்தம் மர அறுவை ஆலையிலும், கச்சால் ரப்பர்த் தோட்டத்திலும், துறைமுகத்திலும், பொதுப்பணித் துறையிலும் வேர் ஊன்றிய குடும்பங்களைச் சேர்ந்த நமக்கு, மன்னரினும் வணிகரினும் இவர்களே நெருங்கிய உறவினர்.

மதுரைக் காண்டத்தில், 16ஆவதாக அமைந்த கொலைக்களக் காதையை நினைவிற் கொள்க. ஊடிய தேவியின் சினம் தணிக்க அந்தப்புரம் நோக்கி நடக்கின்றான் பாண்டியன். வாயிலிலேயே வழிமறித்துக் கொல்லன் தன் பொய்யைச் சொல்கின்றான். நடந்துகொண்டே பிறந்த ஆணை அது. எனினும் அவ்வாணையில் ஒரு 'ஆகில்' இருந்தது. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருக்குமாகில் என்பதே அரசன் வைத்த வரம்பு. அதனை ஆராயும் பொறுப்பு, அச்சொல்லோடு சேர்ந்தே காவலர் தலையில் ஏறிவிட்டது.

அவர்கள் குருடர் அல்லர். கோவலனைக் கண்டதும், இவன் கொலைக்கு உரியவன் அல்லன் என்று வாய்விட்டே கூறினர். காப்பியம் முழுதும் திரும்பியிருக்கக்கூடிய இடம் இதுவே என்பது என் துணிபு. கொல்லன் அவர்களை அச்சுறுத்தவில்லை, கையூட்டும் நீட்டவில்லை. உள்ளுக்குள் நகைத்துவிட்டுத் தன் புலமையைக் காட்டுகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் களவு நூலாரின் எட்டுத் துணைகளையும் வரிசையாக விரிக்கின்றான். கேட்டவர் வாய் அடைபடுகின்றது. அடுத்து ஓர் இளங்காவலன், தன் வாளையே பற்றிக்கொண்டு மறைந்த கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி, இனிச் செய்யத்தக்கது யாது என்று வினவுகின்றான். அவ்வினாவுக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. கள்ளுண்டு களித்த ஒருவனின் வாளே விடை சொல்கின்றது.

இளங்கோவடிகளின் கூர்த்த பார்வையை இங்கே காண்கின்றேன். பணியிடத்தில் வாய்மையின் குரல்வளையை நெரிப்பது எப்போதும் மிரட்டல் அன்று. தொழில் தெரிந்தவனின் சரளமான பேச்சு அதனினும் வலியது. இளமையில் யான் ஓர் அலுவலகத்தில் மஸ்டர் ரோல் எழுதி வந்தேன். வேலைக்கு வராத ஆளின் பெயருக்கு நேரே வருகை குறிக்கப்பட்டிருந்ததைக் கண்டு மேலவரிடம் கேட்டேன். அவர் கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. கப்பல் தாமதம், சிமெண்டு தட்டுப்பாடு, மழைக்கால வேலைமுறை என ஒரு நாழிகை பொறுமையாகப் பாடம் நடத்தினார். எட்டுத் துணைகளையும் கேட்டவன் போல் எழுந்து வந்தேன். அதன்பின் கேட்கவில்லை.

கோவலனைக் காக்கப் பெருவீரம் வேண்டியதில்லை. சிலம்பினுள் இருக்கும் பரல் எது என்று அரண்மனைக்கு ஆளனுப்பிக் கேட்டிருந்தாற் போதும். தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கேட்டிருந்தால் கோவலன் சிலம்பை விற்று, பொருளோடு திரும்பி, மனைவியுடன் உண்டு உறங்கியிருப்பான். காப்பியமே பிறந்திராது, காவலரை எவரும் பாராட்டியும் இரார். பணியில் நேர்மையாக இருப்பவனுக்கு இதுவே பெருந்துன்பம். அவன் தடுத்த தீங்கு நிகழாமலே போய்விடுவதால், அவனால் விளைந்த நன்மையைச் சுட்டிக்காட்ட ஒரு தடயமும் எஞ்சுவதில்லை.

வள்ளுவர் இந்த இடரை அறிந்தவர். அறிவுரையைத் தள்ளி, தானும் அறியாத மன்னனாயினும் அருகிருப்பவன் உறுதியை எடுத்துரைப்பது கடன் என்கின்றார், 638ஆம் குறளில். அவரே 691இல், அரசரிடம் தீக்காய்வார் போல் மிக நெருங்காமலும் மிக அகலாமலும் இருக்கச் சொல்கின்றார். முரண் என்று கூறுவோர் உளர், யான் உடன்படேன். தீ சுடும் என்பதை மறைக்காமலே, சொல்ல வேண்டியதைச் சொல் என்கின்றார் அவர்.

சுட்டதற்குச் சான்று வேண்டின் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டா. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் விற்பனை அலுவலர் மஞ்சுநாத் சண்முகம், உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படம் செய்த பெட்ரோல் நிலையம் ஒன்றின் விற்பனையை நிறுத்தினார். அது மீண்டும் திறந்தபின், உள்ளே இருப்பது எதுவெனச் சோதிக்க மறுபடியும் சென்றார். 2005 நவம்பர் 19ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். மதுரைக் காவலர் கேளாத கேள்வியைக் கேட்டவர் அவர். ஆதலின் அக்காவலரை எளிதில் பழிக்க எனக்கு நா எழவில்லை. ஆனால் அவர்கள் முன் துப்பாக்கி எதுவும் இல்லை என்பதையும் மறக்க இயலவில்லை.

பாண்டியனைப் பற்றி ஒரு சொல். மாணிக்கப் பரல் தெறித்த கணமே தன்னைக் கள்வன் எனத் தானே அறிவித்து உயிர்விட்டான். மேடைகள் போற்றும் அந்த வாய்மை மெய்யாகவே பெரிது; என்றாலும் ஒரு பகல் பிந்தி வந்தது. 20ஆவதாகிய வழக்குரை காதையில் வாயிலோன் வருகின்றான், தேவி இருக்கின்றாள், கண்ணகி சிலம்பை உடைக்கின்றாள். ஐயுற்ற காவலரைச் சான்றுக்கு எவரும் அழைக்கவில்லை. அவர்களும் தாமாக வரவில்லை. பின்னர்க் கொற்கையை ஆண்ட வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய 1,000 பொற்கொல்லரை ஒரே பகலில் பலியிட்டான் என்று காப்பியம் கூறுகின்றது. ஒரு தொழிலாளி சொன்ன பொய்க்கு அத்தொழில் செய்தோர் அத்தனை பேர் தலை கொடுத்தனர். அன்று கொலைக்களத்தில் நின்றவர்கள் அச்செய்தியை எந்தக் காவற்சாவடியில் இருந்து கேட்டனரோ, இளங்கோவடிகள் சொல்லவில்லை.